பிராக்கும் அரை சேர் தண்ணீரும்: வங்கதேசத் தொண்டு நிறுவனம் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

1980 வாக்கில் வங்கதேசத்தில் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்குச் சுமார் 200 பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. அவர்களில் பெரும் பங்கை வயிற்றுப்போக்கு கொண்டுபோனது. மருந்தே இல்லாத நோய் என்றால் விதி என்று விட்டுவிடலாம். இதற்கு மருந்து இருந்தது, அதுவும் டாக்காவிலேயே. 1968-ல் அங்கிருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவர்கள், உப்பும் குளுக்கோஸும் அளவாகக் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து காலரா நோயாளிகளைத் தேற்றிக் காட்டினார்கள். நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவை வெகுவாகக் குறைந்தது. 1971 போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் ஏற்றுவதற்கான திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் பீப்பாயில் கரைசல் கலந்து உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 1978-ல் லான்செட் மருத்துவ இதழ் இந்தக் கண்டுபிடிப்பை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது.

இவ்வளவு தெரிந்த பிறகும் கிராமத்தில் குழந்தை இறந்துகொண்டுதான் இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த அந்தத் தூரத்தை பிராக் என்ற தொண்டு நிறுவனம் எப்படிக் கடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். பிராக் வேறு எத்தனையோ செய்திருக்கிறது, அவற்றையும் தொட்டுச் செல்வேன். ஆனால் எனக்குப் பிடித்தது அதன் பரப்பளவு இல்லை. கொடுத்துவிட்டு வந்த இடத்துக்கு மறுபடி போய், கொடுத்தது தங்கியதா என்று சந்தேகத்தோடு கேட்கும் பழக்கம்தான்.

கணக்கர் தொடங்கிய தொண்டு

ஃபாஸ்லே ஹசன் அபேத் 1936-ல் சிலெட் பகுதியின் பனியாச்சங்கில் பிறந்தவர். கிளாஸ்கோவில் கப்பல் கட்டுமானம் படிக்கப் போய், அதை விட்டுவிட்டு லண்டனில் கணக்கியல் படித்து முடித்தார். ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் சிட்டகாங் அலுவலகத்தில் நிதித் துறைத் தலைவராக இருந்தபோது, 1970 நவம்பரில் போலா புயல் அடித்தது. குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அபேத்தும் நண்பர்களும் மன்புரா தீவுக்கு நிவாரணம் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு போர். அவர் லண்டனுக்குப் போய் வங்கதேசத்துக்கு ஆதரவு திரட்டினார். நாடு விடுதலை அடைந்ததும் லண்டனில் இருந்த தன் அடுக்குமாடி வீட்டை விற்ற பணத்தோடு திரும்பிவந்தார்.

1972-ல் பிராக்கைத் தொடங்க அவர் தேர்ந்தெடுத்த இடம் சிலெட்டின் சுல்லா. ஹாவோர் என்று சொல்லப்படும் தாழ்நிலம் அது. ஆண்டில் பாதி நாள் தண்ணீருக்குள் கிடக்கும், கிராமங்கள் தீவுகளாகத் தெரியும். அங்கிருந்த பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் போரின்போது இந்தியாவுக்கு ஓடிப்போய், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. பிராக்கின் முதல் வேலை முழுக்க நிவாரணம்தான். ஒன்பது மாதத்தில் சுமார் 14,000 வீடுகள் எழும்பின. மீனவர்களுக்குச் சில நூறு படகுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அதோடு மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கலாம், அப்படித்தான் திட்டமும் இருந்தது. வீடு கிடைத்தவன் அதே கடனோடும் அதே பசியோடும் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்ததால் போக மனம் வரவில்லை.

அடுத்த சில ஆண்டுகள் சறுக்கல்கள்தான். முதியோர் கல்வி வகுப்பு ஆரம்பித்தார்கள். கூட்டம் வந்தது, சில வாரங்களில் காணாமல் போனது. பாடத்தில் இருந்த எதுவும் வந்தவர்களின் நாளோடு ஒட்டவில்லை. ஊர் முழுவதையும் சேர்த்துக் கூட்டுறவு அமைத்தார்கள். நிலம் உள்ளவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள், கடனும் உரமும் அவர்கள் வீட்டுக்கே போனது. கிராமம் என்பது ஒரே மனதுள்ள ஒரு குடும்பம் என்று நினைத்தது தவறு என்று பிராக் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. பத்து கிராமங்களில் நிவாரணக் கோதுமையும் அரசு நிலமும் யார் கைக்கு எந்த வழியில் போகின்றன என்று அதன் ஆய்வாளர்கள் துருவிப் பார்த்து 1980-ல் வெளியிட்டார்கள். கொடுக்கல் வாங்கல், சம்பந்தம், அடியாள், உள்ளூர் அதிகாரி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தது அதில் தெரிந்தது. அதன்பின் நிலமற்றவர்களை, குறிப்பாகப் பெண்களை, தனிக்குழுவாகச் சேர்ப்பது என்று நிறுவனம் திரும்பியது.

மூன்று விரல் உப்பு

1979 பன்னாட்டுக் குழந்தைகள் ஆண்டு. அதையொட்டிக் குழந்தைகளுக்காக நாடு தழுவி ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும் என்று பிராக் யோசித்து, வயிற்றுப்போக்கை எடுத்துக்கொண்டது.

முதல் கேள்வி, பொட்டலமா, வீட்டுக் கரைசலா என்பது. ஆய்வுக்கூடத்துக்குப் பிடித்தது பொட்டலம். அளவு பிசகாது. ஆனால் சாலையே இல்லாத ஊருக்கு, ஆண்டுக்குப் பல முறை, ஒவ்வொரு குழந்தைக்கும் பொட்டலம் எப்படிப் போய்ச் சேரும்? வீட்டில் உப்பு இருக்கிறது. பனையிலோ கரும்பிலோ எடுத்த வெல்லம் இருக்கிறது. ஆகவே சூத்திரம் இப்படி அமைந்தது: மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர்.

ஏன் வெல்லமும் சேர வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்கில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீர் கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியேறும். ஆனால் குடல் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சோடியாக உள்ளே இழுக்கும் வழி ஒன்று காலராவிலும் கெடாமல் வேலை செய்கிறது. அந்த இரண்டும் போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். வெல்லத்தில் கொஞ்சம் பொட்டாசியமும் இருப்பது உபரி லாபம். ஆபத்து உப்பில்தான். அதிகமானால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி, உதவி செய்யப்போய் உயிருக்கே உலை வைத்ததாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத, அளவுக் கரண்டி இல்லாத கோடிக்கணக்கான தாய்மாரிடம் விரல் கணக்கில் மருந்து கலக்கச் சொல்வதா என்று மருத்துவர்கள் பயந்தது நியாயமான பயம்.

சுல்லாவிலும் சுற்றிலும் இருந்த 600 கிராமங்களில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். முறை இதுதான். கொஞ்சம் படித்த இளம் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், ஒரு சமையல்காரர், ஒரு ஆண் மேற்பார்வையாளர் சேர்ந்தது ஒரு குழு. ஊர் ஊராக முகாம் போட்டுத் தங்கி, பெண்கள் நடந்தே வீடு வீடாகப் போவார்கள். பெண்கள் வெளியே நடமாடுவதே பேச்சுப் பொருளான காலம் அது. மதத் தலைவர்கள் சிலர் எதிர்த்தார்கள். வீட்டுக்குள் போய்ப் பெண்ணிடம் பெண்ணே பேச முடியும் என்பதால் வேறு வழியும் இல்லை. நினைவில் வைக்க வேண்டிய செய்திகளை முதலில் பத்தாகச் சொல்லிக்கொடுத்தார்கள், பிறகு ஏழாகச் சுருக்கினார்கள். துண்டுப் பிரசுரம் கிடையாது. வாய்ப்பேச்சும் செய்முறையும் மட்டும். வீட்டுப் பாத்திரத்தில் அரை சேர் எதுவரை வரும் என்று காட்டிக் கொடுப்பதும் அதில் சேர்த்தி.

சம்பளத்தில்தான் கணக்கரின் மூளை தெரிகிறது. ஊழியர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்று எண்ணிக் கூலி கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து, வேறொரு கண்காணிப்பாளர் அதே ஊருக்குப் போவார். சொல்லிக்கொடுக்கப்பட்ட தாய்மாரில் பத்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுப்பார். செய்திகள் நினைவிருக்கிறதா என்று கேட்பார், கரைசலைக் கலக்கச் சொல்வார். கலந்ததில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் உப்பின் அளவைப் பார்ப்பார்கள். அந்தத் தாய்க்குக் கிடைத்த தரத்தைப் பொறுத்து, அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஊழியருக்கு ஊதியம். தாய் தப்பாகக் கலந்தால் அந்த வீட்டுக்குக் காசே இல்லை.

இந்த ஒரே ஏற்பாடு வேலையின் தன்மையை மாற்றியது. ஊழியர்கள் ஓடி ஓடிச் சொல்வதை நிறுத்தினார்கள். தாங்கள் கலந்து காட்டினால் அந்தத் தாய் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார், அவர் கையாலேயே கலக்கவைத்தால் மறப்பதில்லை என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். கூட்டமாக உட்காரவைத்துப் பாடம் நடத்துவதைவிட ஆளுக்கு ஆள் சொல்வது மேல் என்பதும் அப்படித்தான் தெரியவந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து இதற்குச் சுற்றறிக்கை எதுவும் போகவில்லை.

ஆனாலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தாய்மார் தேர்வில் நன்றாகத் தேறினார்கள். கரைசல் பாதுகாப்பான அளவில்தான் இருந்தது. சரி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கொடுத்தீர்களா என்று கேட்டால் கொடுத்தவர்கள் மிகச் சிலர். தெரிந்திருந்தது, செய்யவில்லை. பல நிறுவனங்கள் முதல் கேள்வியோடு நின்று வெற்றி அறிக்கை அச்சடித்துவிடும். இரண்டாவதைக் கேட்பது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது மாதிரி. பிராக் கேட்டது, பதில் கசந்தது, காரணத்தைத் தேடியது.

முதல் காரணம் பிராக்குக்குள்ளேயே இருந்தது. சொல்லிக்கொடுத்த ஊழியர்களுக்கே நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உப்பும் வெல்லமும் மருந்தா என்ற சந்தேகம் அவர்கள் மனதில் இருக்கும்போது பேச்சில் எப்படி உறுதி வரும்? டாக்கா ஆய்வுக்கூடத்துக்கு அவர்களை அழைத்துப்போய், கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக் காட்டினார்கள்.

இரண்டாவது, ஆண்கள். தாய்மாரிடம் மட்டுமே பேசியதால் வீட்டு ஆண்களுக்கு இது என்னவென்றே தெரியவில்லை. யாரோ ஒரு பெண் வந்து என்னத்தையோ கலக்கச் சொல்லிவிட்டுப் போனாள் என்று கணவரும் மாமனாரும் முகம் சுளித்தால் அந்தக் கிண்ணம் குழந்தையின் வாய்வரை போகாது. அதன்பின் ஆண் ஊழியர்கள் சந்தையிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் வந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகச் சுவையானதாகப் படுகிறது. மருத்துவர்களுக்கு வயிற்றுப்போக்கு ஒன்றே ஒன்று. கிராமத்துப் பெண்களுக்கு அது நான்கு வெவ்வேறு நோய். பால்குடிக் குழந்தைக்கு வருவது ஒன்று, செரிக்காமல் போவது ஒன்று, சளியும் ரத்தமுமாகப் போவது ஒன்று, நீர் நீராகக் கொட்டி ஆளையே சாய்ப்பது ஒன்று. பிராக் சொன்ன செய்தி அந்தக் கடைசி நோய்க்கானது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மற்ற மூன்றுக்கும் வழக்கமான நாட்டு வைத்தியம் நடந்தது. கரைசல் பயனாகவில்லை என்று கணக்கில் வந்தவற்றில் கணிசமான பங்கு, அந்தப் பெண்களின் பார்வையில் கரைசலுக்குச் சம்பந்தமே இல்லாத நோய்கள். மானுடவியல் படித்தவர்களை அனுப்பிக் கிராமத்தில் உட்காரவைத்த பிறகுதான் இது வெளியே வந்தது. அதற்கேற்பப் பேச்சை மாற்றினார்கள்.

1990-ல் திட்டம் முடிந்தபோது ஊழியர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் வாசலில் நின்றிருந்தார்கள். பின்னாளில், 2007-ல் எடுத்த நாடளாவிய நலக் கணக்கெடுப்பில், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கிடைத்தது. உலகில் மிகச் சில நாடுகளே அந்த அளவை எட்டியிருக்கின்றன. இதை முழுக்க பிராக்கின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இதற்கிடையில் மலிவான பொட்டலங்கள் பெட்டிக்கடை வரை வந்துவிட்டன. இன்று பெரும்பாலான வீடுகளில் கலக்குவது அதைத்தான். விரல் கணக்கு வழக்கொழிந்தே போய்விட்டது. ஆனால் பொட்டலம் வந்தபோது அது எதற்கு என்று கடைக்காரரிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதே காலத்தில், 1980-களின் பிற்பாதியில், தடுப்பூசிப் பணியிலும் பிராக் அரசோடு சேர்ந்து ஓடியது. சில ஆண்டுகளிலேயே ஒற்றை இலக்கச் சதவீதத்திலிருந்து பாதிக் குழந்தைகளுக்கு மேல் தடுப்பூசி போய்ச் சேர்ந்தது. ஊசி போட்டது அரசுதான். ஊரைத் திரட்டியது வீடு வீடாக நடந்து பழகிய இந்தக் கால்கள்.

கடை, பள்ளி, பால்

மற்ற வேலைகளை விரிவாகச் சொன்னால் கட்டுரை புத்தகமாகிவிடும். ஒவ்வொன்றும் முந்தைய வேலையில் வந்து முட்டிய இடத்திலிருந்து முளைத்தது என்பதை மட்டும் பார்க்கலாம். மாணிக்கஞ்ச் பெண்கள் நெய்த பட்டையும் பூத்தையல் துணியையும் டாக்கா கடைகள் வாங்கிக்கொண்டு, விற்ற பிறகே, அதுவும் மாதக்கணக்கில் இழுத்தடித்துக் காசு கொடுத்தன. 1978-ல் பிராக் ஆரோங் என்ற சொந்தக் கடையைத் திறந்தது. சரக்கு வந்ததும் கையில் காசு என்பதே அதன் முதல் விதி. கடன் வாங்கி மாடு வளர்த்த பெண்களின் பாலுக்கு விலை கிடைக்காதபோது 1998-ல் பால் பண்ணைத் தொழில் வந்தது.

பள்ளிகள் 1985-ல் 22 கிராமங்களில் தொடங்கின. ஒரே அறை, முப்பது சொச்சம் பிள்ளைகள், அவர்களில் பெரும்பாலோர் சிறுமிகள், அதே ஊரில் மணமாகி வந்த பெண் ஒருவர் ஆசிரியர், தொடக்கக் கல்வி முடியும்வரை அதே ஆசிரியர். அறுவடை நாளில் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்த எளிய அச்சை வைத்துப் பிற்பாடு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. 1990-களின் முற்பகுதியில் மதத் தீவிரவாதிகள் சிலவற்றுக்குத் தீ வைத்தார்கள். அந்தப் பள்ளிகள் எவ்வளவு தூரம் ஊருக்குள் போயிருந்தன என்பதற்கு அதுவும் ஒரு சான்றுதான்.

காசநோய்ச் சிகிச்சை இன்னொரு கணக்கர் வேலை. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். உடம்பு தேறியதும் பாதியில் விட்டுவிடுவது மனித இயல்பு. பிராக் நோயாளியிடம் சிறு தொகை முன்பணமாக வாங்கிவைத்தது. சிகிச்சை முழுவதும் முடிந்தால் அதில் ஒரு பகுதி நோயாளிக்குத் திரும்பும், மறுபகுதி தினமும் தன் கண்முன் மாத்திரையை விழுங்கவைத்த கிராமச் சுகாதாரப் பெண்ணுக்கு. இலவச மருந்துக்கு ஏழையிடம் பணம் வாங்குவதா என்று கேட்டால் எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. பாதியில் விட்டால் எதற்கும் கட்டுப்படாத காசநோய் வந்து அவரையும் வீட்டாரையும் தின்னும் என்பதை யோசித்தால் அந்த முன்பணம் கொடுமையாகத் தெரியவில்லை.

கடனுக்கும் எட்டாதவர்கள்

1990-களின் முடிவில் வங்கதேசம் சிறுகடனுக்கு உலகப் பெயர் வாங்கியிருந்தது. பிராக்கும் பெரிய கடன் கொடுப்போரில் ஒன்று. அந்த நேரத்தில் அதன் சொந்த ஆய்வுப் பிரிவு, ஊரிலேயே மிக ஏழைகளான வீடுகள் கடன் குழுவில் இல்லை என்று கண்டது. வாரத் தவணை கட்ட முடியாது என்று அவர்களே ஒதுங்கினார்கள். குழுவில் இருந்தவர்களும் அவர்களைச் சேர்க்க விரும்பவில்லை. ஒருவர் தவறினால் எல்லாருக்கும் தலைவலி என்ற ஏற்பாட்டில் பிச்சை எடுக்கும் விதவையை யார் சேர்ப்பார்கள்?

2002-ல் அவர்களுக்கென்று தனித் திட்டம் வந்தது. ஊர்க்காரர்களையே கூட்டித் தரையில் ஊரின் வரைபடம் போடவைத்து, எந்த வீடு எவ்வளவு ஏழை என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொன்னார்கள். அதன்பின் ஊழியர் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தார். பத்து சென்ட்டுக்கும் குறைந்த நிலம், சம்பாதிக்கும் ஆண் இல்லாமை, படிக்கும் வயதுக் குழந்தை வேலைக்குப் போவது, வருமானம் தரும் பொருள் எதுவும் இல்லாமை போன்றவை அளவுகோல்கள். தேர்வான பெண்ணுக்கு மாடோ ஆடோ கோழியோ இலவசம். அவை பலன் தரும்வரை அரை வயிறாவது நிரம்ப வாராந்திர உதவித்தொகை. சேமிப்பு, மருத்துவ உதவி, ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வரும் ஊழியர். இரண்டு ஆண்டுகள்.

மாடு கொடுத்தால் மட்டும் போதாது, முதல் பஞ்சத்திலேயே விற்றுவிடுவார்கள். உதவித்தொகை அதற்குத்தான். மருத்துவ உதவியும் அப்படியே, ஒரு காய்ச்சல் போதும் மாட்டைக் கொண்டுபோக. இந்த அடுக்குகளில் எதை எடுத்தாலும் மற்றது சரியும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட திட்டம் இது. அதனால்தான் செலவும் அதிகம்.

திருட்டிலிருந்தும் மிரட்டலிலிருந்தும் அந்த மாட்டைக் காப்பாற்ற ஊர்ப் பெரிய மனிதர்களைக் கொண்டே ஒரு குழு அமைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் கூட்டுறவைக் கவ்விக்கொண்ட அதே வர்க்கம்! அவர்களை எதிர்த்து நிற்கும் வலு ஒரு கைம்பெண்ணுக்கு இல்லை. அவர்களுக்கு ஒரு பொறுப்பும் மேடையும் கொடுத்தால் வெட்கத்துக்காவது காவல் காப்பார்கள் என்ற கணிப்பு. புரட்சிகரமான கணிப்பு என்று சொல்ல முடியாது. பல ஊர்களில் அது வேலை செய்தது.

2007-லிருந்து 1,300-க்கும் மேற்பட்ட கிராமங்களில் பொருளாதார வல்லுநர்கள் இதைச் சோதித்தார்கள். சில ஊர்களில் திட்டம் முதலில் வந்தது, மற்றவற்றில் பிற்பாடு. எந்த ஊர் எதில் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பயனடைந்த பெண்கள் பிறர் வீட்டு வேலை, வயல் கூலி ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டு கால்நடை வளர்ப்புக்கு நகர்ந்திருந்தார்கள். வருமானம் 21 சதவீதம் கூடியிருந்தது. அதே தரவை வேறு கோணத்தில் படித்த பிற்கால ஆய்வொன்று, ஒரு குறிப்பிட்ட சொத்து அளவைத் தாண்டியவர்கள் மேலே மேலே போனார்கள், மாடு கிடைத்தும் அந்த அளவுக்குக் கீழேயே இருந்தவர்கள் பழைய இடத்துக்கே வழுக்கினார்கள் என்று காட்டியது. அதாவது, கிடைத்த பணத்தை எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பது நியாயமாகத் தெரியும், பலன் இருக்காது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதுவரை இந்தத் திட்டத்தின் வழியே வந்திருக்கின்றன.

உறுத்தும் இடங்கள்

பிராக் இன்று உலகின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்று. 2002-ல் ஆப்கானிஸ்தானில் கால் வைத்து, பிறகு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது. வங்கதேசத்தில் அதன் செலவில் பெரும்பகுதியைக் கடன் வட்டியும் கடைகளும் தொழில்களும் ஈட்டுகின்றன. வெளிநாட்டு நன்கொடையாளரின் மனம் மாறினால் பள்ளி மூடப்படும் என்ற நிலை இல்லாதது பெரிய பலம். அதே சமயம், உதவுகிறவரும் விற்கிறவரும் வட்டி வாங்குகிறவரும் ஒரே ஆள் என்பது உறுத்தத்தான் செய்கிறது. விதையும் அவர்களிடம், கடனும் அவர்களிடம், பாலை வாங்குவதும் அவர்கள் என்றால், அந்தப் பெண் யாரிடம் போய்ப் பேரம் பேசுவார்? அரசு செய்ய வேண்டியதை ஒரு தனியார் அமைப்பு செய்துகொண்டே போனால் அரசை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற விமர்சனமும் டாக்காவில் பழையது. இந்த இரண்டுக்கும் பிராக்கிடம் முழுமையான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அபேத் 2019 டிசம்பரில் காலமானார். தன்னையே சந்தேகப்படும் அந்தக் குணம் இவ்வளவு பெரிய அமைப்பில் அவருக்குப் பிறகும் எவ்வளவு நிற்கும் என்பது இனிமேல் பார்க்க வேண்டியது.

மிக ஏழைகளுக்கான அந்த இரண்டாண்டுத் திட்டத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த முடிவுகள் 2015-ல் வந்தன. மொத்தத்தில் பலன் இருந்தது. ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போயின, அங்கே சொத்து ஏறவில்லை. அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் நடந்த தனிச் சோதனையில் நிகரப் பலன் எதுவும் தெரியவில்லை. கால்நடை கிடைத்தவர்கள் கூலி வேலையைக் குறைத்தார்கள், கிடைக்காதவர்கள் கூலிக்கே போய் அதே அளவு சம்பாதித்தார்கள். வேலை உறுதித் திட்டமும் அப்போது வந்திருந்தது. பலர் மாட்டை விற்றுப் பழைய கடனை அடைத்தார்கள். அது ஒன்றும் முட்டாள்தனமான முடிவு இல்லை.

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாதில் நேர்மாறு. பத்து ஆண்டுகள் கழித்தும் திட்டத்தில் உதவி பெற்ற குடும்பங்களின் வருமானமும் சாப்பாடும் மற்றவர்களைவிட மேலாகவே இருந்தன. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மாட்டிலிருந்து மட்டும் இல்லை. முதலில் கால்நடை, பிறகு சிறு தொழில், அதற்கும் பிறகு வீட்டில் ஒருவர் வெளியூர் போய் நல்ல கூலி வேலை பார்த்து அனுப்பும் பணம் என்று வருமானம் வருடத்துக்கு வருடம் இடம் மாறியிருந்தது.